சூடாக்கியின் இரண்டு கோல்களுக்கும் வெவ்வேறு பெயர் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை என் வகுப்பில் எரிவாயு நீர்ச்சூடாக்கியின் பழுதறிதல் பாடம் தொடங்குகிறது. கைத்தாளை ஞாயிறு மாலைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். சூடாக்கியின் சுடரடுப்புக்கு மேலே, வெண்பீங்கான் உறையிட்ட இரண்டு கோல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று தீப்பொறியை எறிவது. மற்றையது சுடர் பற்றிவிட்டதா என்று அறிவது. சென்ற ஆண்டுத் தாளில் இரண்டையும் 'மின்வாய்' என்றே எழுதிவிட்டேன். விடுதியொன்றில், குழாயைத் திறந்ததும் பொறி பறந்து, சுடரும் பற்றி, சில வினாடிகளில் அணைந்துகொண்டிருந்த சூடாக்கியைப் பார்க்கப் போன என் மாணவன், அத்தாளை நம்பிப் பொறி எறியும் கோலை மாற்றிவிட்டு வந்தான். மற்றைய கோலில் கரி படிந்திருந்ததே பழுது. என் சொல்தான் அவனைப் பிழையான கோலிடம் அனுப்பியது.

முல்லைத்தீவிலிருந்து:
தம்பி, முதற்கோலுக்குச் சொல் இரண்டாயிரம் ஆண்டாகக் காத்திருக்கிறது: ஞெலிகோல், அதாவது கடைந்து தீ எழுப்பும் கோல். புறநானூற்று 315ஆம் பாடலில் ஔவையார், வீட்டிறப்பிற் செருகிய ஞெலிகோலைப் போல அதியமான் தோன்றாதிருக்கவும் வல்லன், அது கக்கும் எரியைப் போலத் தோன்றவும் வல்லன் என்கிறார். பெட்டிக்குள் அடங்கியிருந்து, குழாயைத் திறந்ததும் தீயாய் வெளிப்படும் கருவிக்கு இதனிலும் பொருந்தும் பெயர் ஏது? கொள்ளியைக் குறிக்கும் 'ஞெகிழி'யும் இச்சொல்லின் உறவே என்பது என் துணிபு. அதுபற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

வவுனியாவிலிருந்து:
ஐயா, உவமையின் அழகை மறுக்கவில்லை. ஆனால் ஞெலிதல் என்பது கடைதல். இந்தக் கோல் எதையும் கடைவதில்லை. 1.5 வோல்ற்று மின்கலங்கள் இரண்டின் 3 வோல்ற்றைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்த, சில மில்லிமீற்றர் இடைவெளியை மின்சாரம் தாவுகிறது. கடைகோல் என்று படித்த மாணவன் அந்த இடைவெளியை அளக்க நினைப்பானா? 'எரியூட்டி' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். தமிழகச் செய்தித்தாள்களில் எரியூட்டுதல் இறந்தவர் உடலுக்குச் செய்வது, ஆதலால் அதை எழுத என் கை வராது. 'மூள்–மூட்டு' என்ற தன்வினை, பிறவினை இணையிலிருந்து 'மூட்டி' எனலாம் என்றால், குழாய் வேலையில் மூட்டு என்பது இரு குழாய்கள் பொருந்துமிடம். 'பொறிமுனை' என்பதே என் முன்மொழிவு, மற்றையது 'சுடருணரி'.

மன்னாரிலிருந்து:
நான் இருபது ஆண்டுகளாகத் திருத்தகம் நடத்துகிறேன். பொறி வராவிட்டால், வருபவர்கள் 'பிளக் அடிக்குதில்லை' என்கிறார்கள். உதிரிப்பாகக் கடையிலும் பிளக் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வடசொல்லையே வடவெழுத்து நீக்கி ஏற்கத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்க, இதை ஏற்பதால் தமிழுக்கு என்ன குறை?

முல்லைத்தீவிலிருந்து:
பேக்கரிக்கு வெதுப்பகம் என்று நம் வன்னியில் பெயர்ப்பலகை எழுதியபோதும் இவ்வாறே தயங்கினார்கள். இன்று அச்சொல் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வைத்த உந்துருளியும் அப்படியே.

மன்னாரிலிருந்து:
பலகையில் ஏறியது உண்மைதான், ஐயா. உள்ளே போய் நாம் கேட்பது இரவற் சொல்லான பாண்.

கிளிநொச்சியிலிருந்து:
பழுதுகளை முதலில் பெயரிட்டுப் பார்த்தேன்; கோல்களின் பெயர் தானாகவே தெளிகிறது. 'பொறி எழவில்லை' என்பது ஒரு நிரல். இதில் மாணவர் பார்க்க வேண்டியவை மின்கலம், அதன் தொடுகையிற் படிந்த பச்சைக் களிம்பு, பின்னர் தண்ணீர். தண்ணீர்த் தாங்கி தாழ்வாக இருந்தாலோ, நம் கிணற்று நீரின் சுண்ணம் வடிகட்டியை அடைத்திருந்தாலோ, நீரழுத்தத்தில் அசையும் மென்தகடு, பொறிக்கு மின் கொடுக்கும் சிறு ஆளியான நுண்ணாளியைத் தள்ளாது. மின்கலம் புதிதாயினும் பொறி வராது. 'சுடர் நிலைக்கவில்லை' என்பது மற்றைய நிரல். சுடர் தானே மின்னைக் கடத்தும்; அதன் வழியே ஒரு திசையில் ஓடும் சில மைக்ரோஅம்பியர் மின்னோட்டத்தைப் பெட்டி கண்காணித்து, அது இல்லையெனில் வாயுவை விடும் வரிச்சுருள் வால்வை மூடிவிடும். கோலிற் கரி படிந்திருப்பினும், அதன் கம்பி கழன்றிருப்பினும், பெட்டியின் புவித்தொடுப்பு விட்டிருப்பினும் சுடர் இருந்தும் இல்லாததே. முதல் நிரலுக்குப் பொறிமுனை, இரண்டாவதற்குச் சுடருணரி. எந்த நிரலில் நிற்கிறோம் என்பதைச் சொல்லே காட்டுவதால் வவுனியா அக்காவின் பக்கம் சாய்கிறேன். கடைக்காக 'பிளக்' என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து:
அவசரப்படாதீர்கள், தம்பி. எலியைப் பிடிப்பதும் பொறி, இயந்திரமும் பொறி, மெய் வாய் கண் மூக்குச் செவியும் பொறி. உணர்வது ஐம்பொறியின் தொழிலாகையால், இலக்கியம் படித்தவன் 'பொறிமுனை' என்றதும் உங்கள் இரண்டாம் கோலையே தொடுவான். எந்தக் குழப்பத்தை நீக்க வந்தோமோ அதையே சொல்லுக்குள் வைத்துவிட்டோம்.

வவுனியாவிலிருந்து:
ஐயா சொல்வது சரி. 'தீப்பொறிமுனை' என்று நீட்டினால் அந்த ஐயம் எழாது.

கிளிநொச்சியிலிருந்து:
தாள் அச்சாகிவிட்டது. திங்கட்கிழமை மாணவர்களைக் கொண்டே 'தீப்' என்று முன்னே எழுதுவிக்கிறேன். சூடாக்கியின் மூடியைத் திறக்க முன் வாயு உருளையின் வால்வை மூடும் பழக்கத்தை, அவர்கள் பேனாவை எடுக்கும் அந்த நேரத்திலேயே மீண்டும் சொல்லிக்கொடுக்கவும் வாய்க்கும்.

முல்லைத்தீவிலிருந்து:
ஞெலிகோலை நான் மீளப்பெறவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?