பெரிதாகவும் இருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது

வாட்ஸ்அப் குழு: நம்ம வீட்டுக் கூட்டம்

ஞாயிறு

நான்: (படம்) குட்டிக்கு வாங்கிய ஸ்கூல் ஷூ. பிரீ-கேஜிக்குக் கறுப்பு ஷூ வேண்டுமாம். வீட்டுக்குள் நடக்க விட்டுப் பார்த்தேன், நாலடி வைத்ததும் தடுக்கி விழுகிறாள். கழற்றினால் சுண்டுவிரல் பக்கம் சிவந்து கிடக்கிறது. ஷூ பெரிதாகவும் இருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது.

தம்பி: இரண்டும் ஒரே நேரத்திலா? 😄

நான்: சிரிக்காதே. குதிகாலுக்குப் பின்னால் என் இரண்டு விரல் போகிறது, முன்னால் பாதம் பக்கவாட்டில் பிதுங்குகிறது. கடையில் முதலில் 7 போட்டுப் பார்த்தார்கள், கால் நுழையவே இல்லை. 8 இறுக்கம். 9ஐக் கையில் கொடுத்து, வளர்ற பிள்ளைதானே, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

பெரியம்மா: அது அவள் தாத்தா கால். அவருக்கும் எந்தச் செருப்பும் அமைந்ததில்லை. ஆனால் கண்ணு, பாதம் தட்டையாகக் கிடக்கிற மாதிரி இருக்கிறதே. டாக்டரிடம் காட்டினாயா?

அண்ணி: அத்தை, இந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் தெரியும். உள்ளங்கால் குழி இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் திண்டு இருக்கும். அது கரைந்து குழி தெளிவாகத் தெரிய ஐந்தாறு வயது ஆகிவிடும். அவளை நுனிக்காலில் எக்கி நிற்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது குழி எட்டிப் பார்த்தால் கவலையே இல்லை.

அண்ணி: வலிக்கிறது என்று அழுதாலோ, நொண்டினாலோ, ஒரு கால் மட்டும் வேறு மாதிரி இருந்தாலோதான் காட்ட வேண்டும். எங்கள் பிசியோ கிளினிக்குக்கே இரண்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளே திண்டு வைத்த ஷூ எழுதிக் கொடுங்கள் என்று வருகிறார்கள். பெரும்பாலும் வெறும் கையோடுதான் திருப்பி அனுப்புகிறேன்.

பெரியம்மா: எங்கள் காலத்தில் வெறும் காலோடுதான் ஓடின பிள்ளைகள்.

அண்ணி: வீட்டுக்குள் இப்போதும் அதுதான் நல்லது அத்தை. விரல்கள் தரையைப் பற்றிப் பழகும். வெளியே சூடு, முள், கண்ணாடித் துண்டு. அதற்குத்தான் ஷூ.

ஆம்பூர் சித்தப்பா: (குரல் செய்தி, 4:12)

தம்பி: சித்தப்பா, நான் பஸ்ஸில் இருக்கிறேன். டைப் பண்ணுங்களேன்.

ஆம்பூர் சித்தப்பா: கண்ணாடி எங்கே என்று தேடிக்கொண்டு வருகிறேன்.

நியூஜெர்சி அக்கா: ஏய், இங்கே பிள்ளைகள் ஷூவிலேயே அகலம் தனியாகக் கிடைக்கும்டி. நியூ பேலன்ஸ், ஸ்ட்ரைட் ரைட் இரண்டிலும் டபிள்யூ என்றால் அகலம், எக்ஸ்டபிள்யூ என்றால் அதைவிட அகலம். டிசம்பரில் வரும்போது கொண்டு வரவா?

ஆம்பூர் சித்தப்பா: கண்ணாடி கிடைத்துவிட்டது. டிசம்பர் வேண்டாம். மூன்று வயது வரை கால் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். இப்போது எடுத்த அளவுக்கு வாங்கினால் நீ வந்து இறங்குவதற்குள் ஷூ சின்னதாகிவிடும். அமெரிக்க எண்ணும் நம் எண்ணும் ஒன்று இல்லை, அங்கே அரையோ ஒன்றோ கூடுதலாக ஓடும். வருவதற்கு முந்தைய வாரம் புதிதாக அளந்து அனுப்பினால் வாங்கிக்கொள்.

ஆம்பூர் சித்தப்பா: ஏம்மா, சொல்கிறேன் கேள். ஷூ செய்கிறபோது லாஸ்ட் என்று ஓர் அச்சு இருக்கும். பிளாஸ்டிக்கில் செய்த கால். அதன் மேல் அப்பரை, அதாவது ஷூவின் மேல் பாகத் தோலை, இழுத்து ஒட்டித்தான் ஷூ உருவாகும். லாஸ்ட் என்ன அகலமோ ஷூவும் அதே அகலம். நம் ஊர்க் கடையில் பெட்டி மேல் இருக்கிற 7, 8, 9 எல்லாம் நீளக் கணக்கு மட்டும்தான். அகலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

ஆம்பூர் சித்தப்பா: அது இங்கிலாந்துக் கணக்கு. ஒரு சைஸ் என்றால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மி.மீ. 7லிருந்து 9க்குப் போனால் நீளம் 17 மி.மீ. ஏறும். அகலம் சைஸுக்குச் சுமார் 2 மி.மீ.தான். நீ கேட்டது அகலம், அவர்கள் கொடுத்தது நீளம். ஷூ மடங்க வேண்டிய இடம் விரல் மூட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு சைஸ் கூடினால் அது முன்னால் தள்ளிப்போகும். பிள்ளை தடுக்கி விழாமல் என்ன செய்யும்?

தம்பி: அப்போது கடையில் ஏன் அகலமே கேட்பதில்லை?

ஆம்பூர் சித்தப்பா: ஒரு சைஸுக்கு மூன்று அகலம் என்றால் கடையில் மூன்று மடங்கு சரக்கு அடுக்க வேண்டும். யார் அடுக்குவார்கள்? இங்கிலாந்தில் கிளார்க்ஸ் மாதிரிக் கடைகளில் பிள்ளைகளுக்கு எஃப், ஜி, எச் என்று எழுத்து போட்டு விற்பார்கள். எஃப் சாதாரணம், எச் நல்ல அகலம். நாங்கள் இங்கே ஏற்றுமதிக்கு அந்த மாதிரி லாஸ்டில் தைத்திருக்கிறோம். உள்ளூருக்கு ஒரே அகலம்.

நான்: நம் பிள்ளைகள் காலே அகலம்தானா சித்தப்பா?

ஆம்பூர் சித்தப்பா: அதைத்தான் உங்கள் அடையாறு சிஎல்ஆர்ஐக்காரர்கள், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், அளந்து பார்த்தார்கள். 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் காலைவிட நம் கால் அகலம் என்று வந்தது. அதை வைத்து இந்தியாவுக்கென்று பா என்ற பெயரில் புது அளவுமுறையே முன்வைத்தார்கள், 2024இல் செய்தி வந்தது. வயதை வைத்து எட்டுப் பிரிவு. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை தனிப் பிரிவு. எங்கள் தெருக் கடையில் இன்னும் பழைய எண்தான் ஓடுகிறது.

பெரியம்மா: ஒரு லட்சம் காலா! யார் உட்கார்ந்து அளந்தது?

தம்பி: மெஷின் இருக்கும் பெரியம்மா.

ஆம்பூர் சித்தப்பா: ஸ்கேனர். இப்போது நம் வீட்டு மெஷினுக்கு வருவோம். ஏம்மா, இன்று சாயந்திரம் அள. ஓடியாடிய பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் வேண்டும். சுவரோரம் தாளை வைத்து, குதிகால் சுவரில் ஒட்டும்படி நிற்க வை. உட்கார வைத்து எடுக்காதே, நிற்கும்போதுதான் பாதம் விரியும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்துச் சுற்றிக் கோடு போடு. இரண்டு காலும் வேண்டும். நீளம், விரல் மூட்டுப் பக்கம் அகலம், இரண்டையும் எழுதி அனுப்பு.

ஞாயிறு, மாலை

நான்: நிற்க மாட்டேன் என்கிறாள். பென்சில் கூசுகிறதாம்.

பெரியம்மா: கையில் ஒரு முறுக்கைக் கொடு. அசையமாட்டாள்.

நான்: முறுக்கு வேலை செய்தது. (படம்) இடது கால் நீளம் 14.4 செ.மீ., வலது 14.6. அகலம் இரண்டும் 6.7. மீதித் தாள் முழுக்க அவளே கிறுக்கிவிட்டாள், அதைப் பார்க்காதீர்கள்.

ஆம்பூர் சித்தப்பா: பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், 14.6. இங்கிலாந்துக் கணக்கில் 7 என்றால் லாஸ்ட் சுமார் 16.1 செ.மீ. வரும். ஒன்றரை செ.மீ. மிச்சம். நடக்க, வளர இரண்டுக்கும் போதும். உன்னிடம் கொடுத்த 9 சுமார் 17.8. மூன்று செ.மீ.க்கு மேல் காலி. அவள் ஷூ போட்டு நடக்கவில்லை, படகு ஓட்டுகிறாள்.

அண்ணி: 6.7 நல்ல அகலம்தான் மாமா. மேல் பாதமும் உப்பலாக இருக்கிறது படத்தில்.

ஆம்பூர் சித்தப்பா: ஆமாம், அதையும் பார்த்தேன். அதனால் வாய் அகலமாகத் திறக்கிற ஷூ வேண்டும். ஒரே பட்டி வைத்த பெல்லி மாதிரி ஷூ ஆகவே ஆகாது. இரண்டு வெல்க்ரோ பட்டி, நாக்கு தனியாக வெளியே மடங்க வேண்டும். பட்டி நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பிய பாதத்தின் மேல் எட்டிப் பிடிக்காது.

நான்: பள்ளிப் பட்டியலில் பெண் குழந்தைகளுக்குப் பக்கிள் வைத்த ஷூ என்று படம் போட்டிருக்கிறார்கள். பையன்களுக்குத்தான் வெல்க்ரோ.

ஆம்பூர் சித்தப்பா: பெண் குழந்தை ஷூ என்றாலே மூக்கைக் கூராக ஒடுக்குவது எங்கள் தொழிலின் பழைய வியாதி. இரண்டரை வயதில் பையன் கால் என்ன, பெண் கால் என்ன? பையன்கள் அடுக்கில் போய்த் தேடு.

நியூஜெர்சி அக்கா: இங்கே நான் என் பெண்ணுக்கு எப்போதும் பையன்கள் பக்கத்தில்தான் வாங்குகிறேன். பூ இருக்காது என்று மட்டும் அவள் அழுவாள்.

அண்ணி: பள்ளியில் மிஸ்ஸிடம் இப்போதே கேட்டுவிடு. கால் அகலம், வெல்க்ரோ போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒரு வரி அனுப்பு. கழற்றி மாட்டுவது தானே செய்வாள் என்று சொன்னால் மிஸ்ஸே சந்தோஷப்படுவார். பக்கிள் மாட்டிவிட அவருக்கு எங்கே நேரம்?

நான்: அனுப்பிவிட்டேன்.

மாமா: (காலை வணக்கம் படம்)

தம்பி: மாமா, மணி சாயந்திரம் ஏழு.

ஆம்பூர் சித்தப்பா: கடைக்குப் போகும்போது அந்தத் தாளை வெட்டி எடுத்துக்கொண்டு போ. கடைக்காரர் ஷூ முனையைக் கட்டைவிரலால் அமுக்கி இடம் இருக்கிறது என்பார். பிள்ளைகள் ஷூவுக்குள் விரலைச் சுருட்டிக்கொள்ளும், அமுக்கினால் பொய்யாக இடம் தெரியும். வெட்டிய தாளை ஷூவுக்குள் விட்டுப் பார். ஓரம் மடிந்தால் அகலம் போதாது, அடுத்ததை எடு.

ஆம்பூர் சித்தப்பா: அதைவிட நல்லது, உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை, இன்சோலை, உருவ முடிந்தால் உருவித் தரையில் வைத்து அதன் மேல் அவளை நிற்க வை. பாதம் எந்தப் பக்கமும் வெளியே வழியக் கூடாது. முன்னால் உன் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ஒரு கம்பெனி 7 இன்னொரு கம்பெனி 8 ஆக இருக்கும்.

நான்: அடி அட்டை எப்படி இருக்க வேண்டும்?

ஆம்பூர் சித்தப்பா: கையால் வளைத்துப் பார். விரல் பக்கம் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். குதிகால் பக்கம் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்.

அண்ணி: சாக்ஸைப் போட்டுக்கொண்டே போட்டுப் பார். பள்ளிக்கு எந்தச் சாக்ஸோ அதுதான். தடித்த சாக்ஸ் அகலத்தைத் தின்றுவிடும். இன்னொன்று, முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கணுக்கால் பக்கம் இருக்கிற சிவப்பு ஷூவால் வந்தது மாதிரி இல்லை. கொலுசு ஷூ விளிம்புக்கு அடியில் மாட்டி அழுத்தியிருக்கிறது.

பெரியம்மா: கொலுசைக் கழற்ற வேண்டாம். சத்தம் கேட்டால்தான் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அண்ணி: பள்ளி நேரத்தில் மட்டும் அத்தை. வந்ததும் மாட்டிவிடலாம்.

பெரியம்மா: சரி, வெள்ளிக்கிழமை மட்டும் போட்டே அனுப்பட்டும்.

திங்கள்

நான்: மிஸ் பதில் போட்டுவிட்டார். வெல்க்ரோ தாராளமாகப் போடலாமாம், கறுப்பாக இருந்தால் போதுமாம்.

திங்கள், இரவு

நான்: (படம்) (படம்) வாங்கியாச்சு. பையன்கள் அடுக்கில் இரண்டு பட்டி வைத்தது. தாளை விட்டுப் பார்த்ததில் முதல் கடையில் எதுவுமே தேறவில்லை. அடுத்த கடைப் பெண் இன்சோலை உருவ விடமாட்டேன் என்றார், பிறகு அவரே ஆர்வமாகி எல்லாப் பெட்டியிலிருந்தும் உருவிக் கொடுத்தார். ஒன்றின் 7 ஒடுக்கம். இதன் 7 மூக்கு உருண்டையாக இருக்கிறது, பாதம் முழுக்க உள்ளே நின்றது.

ஆம்பூர் சித்தப்பா: மேலிருந்து ஒரு படம் எடு. ஆமாம், நல்ல லாஸ்ட். சுண்டுவிரல் பக்கம் தோல் துருத்துகிறதா?

நான்: இல்லை. கடைக்குள் ஓடியே காட்டினாள். வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை, போட்டுக்கொண்டே தூங்கப் பார்த்தாள்.

ஆம்பூர் சித்தப்பா: நாளை வீட்டுக்குள் அரை மணி நேரம் போடவிட்டுக் கழற்றிப் பார். சிவப்பு ஐந்து நிமிடத்தில் மறைந்தால் சரி. நிலைத்து நின்றால் மாற்றிக்கொள், அதுவரை அடியில் அழுக்குப் படாமல் பாய் மேல் நடக்கவிடு. இரண்டு மாதம் போனால் திரும்ப அள.

மாமா: விலை?

நான்: சொன்னால் இவர் குழுவில் படிப்பார் மாமா.

தம்பி: 😄😄

நான்: அந்த 9 சைஸ் ஷூ என்ன செய்வது? கடையில் திரும்ப எடுக்கமாட்டார்களாம். வீட்டுக்குள் நாலடி வைத்ததுதான், புதிதாகவே இருக்கிறது.

அண்ணி: எங்கள் பெரியவளுக்கு ஆகும், அவளுக்கு ஒல்லிப் பாதம். எடுத்து வை.

ஆம்பூர் சித்தப்பா: ஏம்மா, அளந்தாயா?

அண்ணி: அளந்துவிட்டேன் மாமா. நிற்க வைத்து, சாயந்திரம், முறுக்குக் கொடுத்து. 16.3.

ஆம்பூர் சித்தப்பா: சரி, கொடுக்கச் சொல்.