இலை மயிர்களை நுணுக்குக்காட்டியில் தெளிவாகக் காட்டுவது எப்படி?

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர மாணவர் சிலருக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு, தாவர மயிர்கள் பற்றிய செய்முறை ஒன்றில் உங்கள் உதவி தேவைப்படுகின்றது.

மாடியில் வளரும் கற்பூரவள்ளி இலையின் மேற்றோலை உரித்து, ஒரு துளி நீரில் வைத்து, மெல்லிய கண்ணாடியால் மூடிப் பார்த்தால், மயிர்களுக்கிடையே சிக்கிய காற்று கரிய வளையங்களாகத் தெரிகின்றதே தவிர, வாசனை எண்ணெயைச் சுரக்கும் மயிர்களும் வெறும் கூர்முனை மயிர்களும் வேறுபட்டுத் தெரிவதில்லை. நீரில் சிறிது மதுசாரம் கலந்தால் இக்காற்று வெளியேறுமா, அல்லது ஒட்டுநாடாவில் மயிர்களை ஒற்றியெடுப்பது நல்லதா என்பதைச் செய்து பார்த்தவர்கள் கூறுங்கள்.

மயிர் என்றதும் ஆவியுயிர்ப்பை, அதாவது இலையிலிருந்து நீர் ஆவியாக வெளியேறுவதை, குறைப்பது என்ற ஒற்றை விடையையே மாணவர்கள் எழுதுகின்றார்கள். பரீட்சைக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. தக்காளிச் செடியைக் கிள்ளிய விரல்களில் பசையும் மஞ்சட்பச்சைக் கறையும் படிவதற்குக் காரணமான சுரப்பி மயிர்கள் சிறு பூச்சிகளைச் சிக்கவைப்பதையும், பூனைக்காலிக் காயின் மயிர்கள் தோலிற் பட்டால் கடுமையாக அரிப்பதையும், பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதையுறையிலிருந்து நீண்ட ஒரே கலம் (உயிரணு) என்பதையும் அவர்கள் நேரிற் கண்டால் நன்று.

இவற்றுடன், நான்கு மயிர்கள் நுனியில் இணைந்து முட்டை அடிக்கும் கருவிபோல் நின்று காற்றைப் பிடித்துவைக்கும் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ப்பன்னத்தையும் காட்ட விரும்புகின்றேன். கொழும்பை அண்டி, அனுமதிச் சிக்கலின்றி அதைச் சேகரிக்கக்கூடிய குளமோ வாய்க்காலோ தெரிந்தவர்கள் தயவுசெய்து இடத்தைக் குறிப்பிடுங்கள். களை என்பதால், பயன்படுத்தியபின் எதையும் நீர்நிலையில் வீசாமல் உலர்த்தி அழித்துவிடுவேன்.