புதுப்பிப்பு: தேய்மானக் கேள்வியில் வழுக்கி விழுந்த கதை

இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேனே: பொறியியல் மூன்றாம் ஆண்டு, நிதிப் பின்னணி கிடையாது, முதலீட்டு வங்கியில் (நிறுவனங்கள் நிதி திரட்டவும் இணையவும் உதவும் வங்கி) இன்டர்ன்ஷிப் கிடைக்குமா என்று. நிதி மாடலிங் (நிறுவனத்தின் கணக்கை எக்செல்லில் முன்கணிப்பது) கோர்ஸில் காசைக் கொட்டாதே, முதலில் கணக்கியலைப் படி என்றீர்கள். படித்தேன்.

படித்தும் முதல் நேர்காணலில் சொதப்பினேன். தேய்மானம் (இயந்திரம் போன்ற சொத்து பழசாகி மதிப்புக் குறைவதைச் செலவாக எழுதுவது) 10 கூடினால் லாப நட்டக் கணக்கு, பணப்புழக்க அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு என்ற மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன ஆகும்? எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். வரி 25 சதவீதம் என்றால் நிகர லாபம் 7.5 குறையும், அதுவரை சரி. பணமும் 7.5 குறையும் என்று அடுத்து உளறிவிட்டேன். தேய்மானத்தில் கையிலிருந்து காசு போவதே இல்லையே! பணப்புழக்க அறிக்கையில் அந்த 10-ஐ லாபத்தோடு திரும்பக் கூட்டினால், வரி மிச்சத்தால் பணம் 2.5 ஏறத்தான் செய்யும். இருப்புநிலைக் குறிப்பில் (ஒரு பக்கம் சொத்து, எதிர்ப்பக்கம் கடனும் உரிமையாளர் பங்கும்) நிலைச்சொத்து 10 இறங்கி, பணம் 2.5 ஏறி, மொத்தச் சொத்து 7.5 குறையும். எதிர்ப்பக்கம் தக்கவைத்த லாபமும் (பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் சேர்ந்த லாபம்) அதே 7.5 இறங்கும். லிஃப்டுக்குக் காத்து நின்றபோதுதான் இரண்டு பக்கமும் மனதுக்குள் டேலி ஆயிற்று. என்ன பயன்?

அப்புறம், முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பிய 40 மின்னஞ்சல்களுக்கு 3 பதில்கள் வந்தன. அதில் ஒருவரின் சிறிய நிறுவனத்தில், ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணையும் வேலைகளைக் கவனிக்கும் குழுவில் 8 வாரம் எடுத்துக்கொண்டார்கள். (அங்கேயும் அதே கேள்வி. இந்த முறை தப்பித்தேன்.) பெரிய பெயர் இல்லை, பெரும்பாலும் எக்செல்லில் ஒப்பீட்டு நிறுவனங்களின் (மதிப்பை ஒப்பிட எடுக்கும் அதே மாதிரி நிறுவனங்கள்) கடனையும் ரொக்கத்தையும் நிரப்பும் வேலைதானாம். திங்கட்கிழமை சேர்கிறேன்.

ரெஸ்யூமேயை ஒரே பக்கமாக வெட்டச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி.