வாஷிங்டன் ஓல்ட் ஹால்: அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

டைன்கரை:
ஜூலை முதல் வாரம் அப்பா மதுரையிலிருந்து வர்றார். நாங்க வடகிழக்கு இங்கிலாந்துல, கேட்ஸ்ஹெட்ல இருக்கோம். அப்பா ரிட்டையர்டு வாத்தியார். எங்க வம்சாவளியை ஏழு தலைமுறைக்கு நோட்டுல எழுதி வெச்சிருக்கார். பக்கத்துலயே ஜார்ஜ் வாஷிங்டனோட பூர்வீக வீடு இருக்குன்னு சொன்னதுமே போன்ல கேள்வி மேல கேள்வி. நிஜமாவே அது அவங்க வீடுதானா? அமெரிக்க சுதந்திர தினம் ஜூலை 4 அன்னிக்கு ஏதாவது விசேஷம் உண்டா?

வடக்குமேடு:
போயிருக்கோம். சின்ன வீடுதான், ஒரு மணி நேரம் போதும். அதே நாள்ல டர்ஹாம் கதீட்ரலும் பாத்துடலாம்.

பழையகல்:
நான் அந்த வீடு இருக்கற இங்கிலாந்து வாஷிங்டன் ஊர்லயே இருக்கேன், அடிக்கடி போற இடம். ஒரு மணி நேரத்துல முடிச்சுடாதீங்க.

ஜார்ஜ் வாஷிங்டன் இங்க வாழ்ந்ததில்லை. 12ஆம் நூற்றாண்டுக் கடைசியில வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் இந்த ஊரை வாங்கி, ஊர்ப்பேரையே தன் பேராக்கிக்கிட்டார். வாஷிங்டன் வம்சம் அங்கேதான் தொடங்குது. அதுல ஒரு கிளை லங்காஷயர் போய், அங்கிருந்து நார்தாம்ப்டன்ஷயர் போச்சு. 1539ல லாரன்ஸ் வாஷிங்டன் வாங்கின சல்கிரேவ் மேனர் அங்கதான் இருக்கு. அந்த வழியில வந்த ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவுல குடியேறினார். ஜார்ஜ் அவரோட கொள்ளுப்பேரன். அப்பாவோட நோட்டுல இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்க.

1613ல இந்த வீடு டர்ஹாம் பிஷப் கைக்குப் போச்சு. இப்ப நிக்கிறதுல பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவுல இருக்கற கல் வளைவுகள் இடைக்காலத்தோடது. அங்க கொஞ்ச நேரம் நில்லுங்க.

ஆனா எனக்கு முக்கியமாப் படறது மாடியில இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல இந்த வீட்டை அறை அறையாப் பிரிச்சு வாடகைக்கு விட்டாங்க. ஒரு சமயம் ஒன்பது குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தாங்க. 1930கள்ல மனுஷர் குடியிருக்கத் தகுதியில்லைன்னு அறிவிச்சு, இடிக்கிற நிலைக்கு வந்துடுச்சு. காப்பாத்தினவர் எந்தப் பிரபுவும் இல்லை, ஃப்ரெட் ஹில்னு உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். ஊர்க்காரங்களைச் சேர்த்துக் குழு அமைச்சு, பணம் திரட்டினார். நடுவுல போர் வந்து வேலை நின்னு, 1955ல அமெரிக்கத் தூதர் வந்து திறந்து வெச்சார். ரெண்டு வருஷம் கழிச்சு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட் அமைப்பு ஏத்துக்கிச்சு. அந்தக் குடித்தனக்காரங்க அறையை மாடியில காட்டறாங்க. ஜனாதிபதி குடும்பத்தோட வரலாறு எல்லாப் புத்தகத்துலயும் கிடைக்கும். இந்தச் சனங்களோடது இங்கதான் கிடைக்கும். உங்க அப்பா ஒரு வாத்தியார், அவருக்கு ஃப்ரெட் ஹில்லைப் பத்திக் கட்டாயம் சொல்லுங்க.

ஜூலை 4 கட்டாயம் வாங்க. அமெரிக்கக் கொடி ஏத்துவாங்க, ஊர்ப் பள்ளிப் பிள்ளைங்க வருவாங்க. 1977ல ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியா இருந்தப்பவே இந்த ஊருக்கு வந்து மரம் நட்டுட்டுப் போனார்.

டைன்கரை:
ரொம்ப நன்றிங்க! அப்பாவுக்கு அப்படியே வாட்ஸாப்ல அனுப்பிட்டேன். உடனே அடுத்த கேள்வி: அமெரிக்கக் கொடியே வாஷிங்டன் குடும்பச் சின்னத்துலருந்து வந்ததாமே?

பழையகல்:
அப்படிச் சொல்றவங்க நிறைய, ஆதாரம் கிடையாது. வெள்ளையில ரெண்டு சிவப்புப் பட்டை, மேல மூணு சிவப்பு நட்சத்திரம், இதுதான் குடும்பச் சின்னம். வாஷிங்டன் டிசி நகரக் கொடி அதை அப்படியே எடுத்துக்கிட்டது, அது நிச்சயம்.

கிளம்பறதுக்கு முன்னாடி நேஷனல் டிரஸ்ட் தளத்துல நேரம் பாத்துக்கோங்க, தினமும் திறந்திருக்காது. பக்கத்து மேட்டுல ஹோலி டிரினிட்டி தேவாலயம் இருக்கு, அதையும் எட்டிப் பாருங்க.