இன்குபேட்டர் 37.5 காட்டுகிறது, குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடுகின்றன: கோளாறு போர்டிலா, காயிலிலா, பேட்டரியிலா?

பெருவிடை உசிலம்பட்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெருவிடைக் கோழிகள் வளர்த்து வருகிறேன். ஓர் அடைக்கோழிக்குப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் வீணாகின்றன என்பதால், ஐந்து மாதங்களுக்கு முன்பு, மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளை ஒட்டி 60 முட்டை கொள்ளும் இன்குபேட்டர் ஒன்றை நானே செய்தேன். அதில் 12 வோல்ட், 60 வாட் நிக்ரோம் காயில் (சூடேற்றும் கம்பிச் சுருள்), பழைய கணினிகளிலிருந்து கழற்றிய இரண்டு சிறு ஃபேன்கள், டபிள்யூ1209 வெப்பக் கட்டுப்பாட்டு போர்டு, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டி.சி. ஆக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை உள்ளன. மின்வெட்டுக்காக எஸ்.எம்.பி.எஸ். வெளியீட்டிலேயே ஒரு 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியையும் இணைத்திருக்கிறேன்.

மூன்று முறை முட்டை வைத்ததில் கடைசி முறை 60 முட்டைக்கு 11 குஞ்சுகள்தாம் கிடைத்தன. 21ஆம் நாள் ஒரு முட்டைகூடக் கொத்துப்படவில்லை. 22ஆம் நாள் மாலையில்தான் முதல் குஞ்சு வந்தது. 23ஆம் நாள் இரவு மீதியை உடைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை இறகு முளைத்து முழு வளர்ச்சி அடைந்திருந்தும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாகப் போகாமல் செத்திருந்தன. போர்டில் 37.5 வைத்திருக்கிறேன், அது 35.5 வரை இறங்கி 37.9 வரை ஏறுகிறது என்றாலும், இறங்கியது ஏறிவிடுவதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேறு இரண்டு தொல்லைகளும் உண்டு. மின்சாரம் போனால் முதலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கிய பேட்டரி, இப்போது நாற்பது நிமிடத்தில் ஃபேனைக்கூடச் சுழற்ற முடியாமல் படுத்துவிடுகிறது. தகரக் கொட்டகையில் பெட்டி இருப்பதால், மாசி மாதத்திலேயே பிற்பகலில், காயிலைப் போட்டு அணைக்கும் ரிலேயின் சிவப்பு விளக்கு அணைந்திருக்கும்போதும் 38.6 காட்டுகிறது. எதை முதலில் மாற்றுவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மேலூர் மின்பணியாளர் எழுதியது:

வணக்கம் தம்பி. எதையும் விலை கொடுத்து மாற்றுவதற்கு முன்பு போர்டில் பி1 என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். டபிள்யூ1209 ஆலையிலிருந்து வரும்போதே அதில் 2.0 என்று இருக்கும். வைத்த அளவிலிருந்து எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி காயிலைப் போட வேண்டும் என்பதற்கான எண் அது. ஆகவே நீங்கள் 37.5 என்று வைத்திருப்பது, அணைக்க வேண்டிய இடத்தை மட்டுமே. போட வேண்டிய இடம் 35.5 ஆகிவிடுகிறது. நாட்டுக்கோழி முட்டை 40 முதல் 50 கிராம் எடையும் உள்ளே நீரும் கொண்டது என்பதால், அது இந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து ஓடாமல் நடுவில் எங்கோ நின்றுகொள்கிறது. உங்கள் பெட்டியில் அந்த நடு 36.7க்குப் பக்கம். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 வரை சீராக நிற்க வேண்டும். பி1ஐ 0.3 ஆக்குங்கள்.

அடுத்தது, போர்டு காட்டும் எண்ணே சரிதானா என்பது. இதற்கு ஆய்வகக் கருவி எதுவும் வேண்டாம்; காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும் என்றாலும், நமக்கு வேண்டிய இடத்தில் மிகத் துல்லியமானது. ஒரு பிளாஸ்க்கில் 38 டிகிரிக்குக் கிட்டத்தட்ட வெதுவெதுப்பான நீரை ஊற்றி, போர்டின் சென்சார் முனையையும் தெர்மாமீட்டர் முனையையும் ஒரு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி அதில் இறக்கி, நன்றாகக் கலக்கிவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். வரும் வித்தியாசத்தைப் பி4இல் கூட்டியோ கழித்தோ போட்டுவிடலாம்.

பேட்டரி விஷயத்தில் தவறு பேட்டரி மீது இல்லை என்று நினைக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி என்பது பெயருக்குத்தான். அது நிறைந்து ஓய்ந்திருக்கும்போதே 12.7 வோல்ட் காட்டும், அதை நிறைத்து வைக்க 13.8 வோல்ட் தேவை. உங்கள் எஸ்.எம்.பி.எஸ். 12.0 மட்டுமே தந்தால், பேட்டரி ஒரு நாளும் சார்ஜ் ஆகாமல் பாதிக்கும் கீழேயே கிடந்திருக்கும். ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுப் பேட்டரி கெட அதைவிட நல்ல வழி கிடையாது. மின்சாரம் போனதும் வோல்டேஜ் 10.5க்கு இறங்கினால், 60 வாட் காயில் 46 வாட்தான் தரும். வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது.

வாடிப்பட்டி கோழிக்காரம்மா எழுதியது:

மின்பணியாளர் தம்பி சொன்னது சரி. குஞ்சுகளும் அதையே சொல்கின்றன. சூடு கூடினால் 20ஆம் நாளே அவசரமாகப் பொரித்து, தொப்புளில் இரத்தக் கசிவோடு வரும். சூடு குறைந்தால் 22, 23 என்று தள்ளிப்போய், மஞ்சள் கரு உள்ளே இழுபடாமல், வயிறு பெருத்துச் சோர்ந்த குஞ்சுகளாக வரும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இரண்டாவது வகை. இதில் எனக்கு மனம் பொறுக்காத ஒன்றும் இருக்கிறது: தாமதமாகும் அடையில் 23ஆம் நாள் இரவு முட்டையை உடைத்துவிட்டீர்கள். இன்னும் ஒரு பகலாவது பொறுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்டிருக்கலாம்.

கடைசி மூன்று நாளைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. முதல் 18 நாளுக்கு ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு போதும். 18ஆம் நாளில் முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தட்டின் பரப்பைக் கூட்டி 65க்கு மேல் கொண்டுபோக வேண்டும். தட்டின் ஆழம் கூடினால் பயனில்லை, பரப்புதான் கணக்கு. அதன் பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. கொத்துப்பட்ட முட்டை எத்தனை என்று எண்ணுவதற்காக ஒரு முறை திறந்தாலும், ஈரக்காற்று முழுவதும் வெளியேறி, ஓட்டுக்கு அடியிலுள்ள சவ்வு தோல் போலக் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். துளை போட்ட நிலையிலேயே குஞ்சு சாவதற்கு எங்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருந்தது. என் மாமியார் அடைக்கூடையில் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு வரமிளகாயும் போட்டுவைத்து, இடி இடித்தாலும் முட்டை கூமுட்டையாகாது என்பார். மிளகாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் கூடையை யாரும் தொடக் கூடாது என்று அவர் போட்ட கட்டளை நல்ல கட்டளை.

தகரக் கொட்டகையை விட்டு முதலில் பெட்டியை வெளியே எடுங்கள். உங்கள் போர்டுக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கத்திரி வெயிலில் கொட்டகைக்குள் 42 டிகிரி வந்தால், காயில் அணைந்திருந்தாலும் முட்டை வேகும். அடையின் பாதி நாட்கள் கடந்த பிறகு வளரும் குஞ்சே தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டின் உள்ளறை, வடக்குச் சுவரோரம் நல்லது.

பெருவிடை உசிலம்பட்டி எழுதியது:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி. பி1இல் 2.0தான் இருந்தது, அதை 0.3 ஆக்கினேன். பிளாஸ்க்கில் பார்த்தபோது தெர்மாமீட்டர் 37.6 காட்டிய இடத்தில் போர்டு 38.0 காட்டியது, ஆக, நடுவில் 36.7 என்று நாம் நினைத்ததும் உண்மையில் 36.3 தான். பி4இல் 0.4 கழித்துப் போட்டேன். எஸ்.எம்.பி.எஸ். வெளியீடு 11.9, பேட்டரியைக் கழற்றி ஓரிரவு வைத்து அளந்ததில் 11.7. 18ஆம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மூடியைத் திறந்தது உண்மை.

பெட்டியை உள்ளறைக்கு மாற்றிவிட்டேன். இப்போது 37.2க்கும் 37.8க்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை ரிலே டிக்கென்கிறது. இது பரவாயில்லையா? பழைய மடிக்கணினி பேட்டரியில் இருந்து எடுத்த லித்தியம் செல்கள் சில இருக்கின்றன. அவற்றை மூன்று மூன்றாகக் கோத்து அதே இடத்தில் போடலாமா?

திருமங்கலம் பழுதுபார்ப்பவர் எழுதியது:

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 50 விநாடிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 1,700க்கு மேல், ஓர் அடைக்கு 36,000 முறை. அந்தச் சிறிய ரிலே முழுச் சுமையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறைக்குத்தான் செய்யப்பட்டது. மூன்று அடையில் அதன் ஆயுள் முடிந்துவிடும். முடியும்போது பெரும்பாலும் முனைகள் ஒட்டிக்கொண்டு, காயில் எரிந்தபடியே இருக்கும். எனக்கு அப்படி ஓர் இரவில் 48 முட்டைகள் வெந்தன. காலையில் போர்டு 46 காட்டிக்கொண்டிருந்தது, ரிலே விளக்கோ ஒழுங்காக அணைந்திருந்தது.

காயிலின் 5 ஆம்பியரை ரிலே சுமக்காமல், ஒரு டி.சி. எஸ்.எஸ்.ஆர். (அசையும் முனைகள் இல்லாத மின்னணு ரிலே) சுமக்கட்டும், ரிலே அதற்குச் சைகை மட்டும் தரட்டும். சுமை இல்லாத ரிலே பல லட்சம் முறை தாங்கும். வாங்கும்போது வெளியீடு டி.சி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஏ.சி. வகையைப் போட்டால், ஒருமுறை திறந்த பிறகு டி.சி. மின்சாரத்தை அதனால் நிறுத்தவே முடியாது. இரண்டாவது காவலாக, காயிலோடு தொடராக இன்னொரு டபிள்யூ1209 போட்டு 38.7 வையுங்கள். பலர் 40 டிகிரியில் தானே அணையும் பைமெட்டல் சுவிட்சைச் சொல்வார்கள். அதன் பிழை ஐந்து டிகிரி வரை போகும் என்பதால், 36லேயே அணைத்துவிடவும் கூடும்.

லித்தியம் செல்களை அந்த எஸ்.எம்.பி.எஸ். மேல் நேராகப் போடவே வேண்டாம். மூன்று செல் தொடர் 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும்; அதற்குத் தனி சார்ஜரும் பாதுகாப்பு போர்டும் இல்லாமல், வயது தெரியாத செல்களைத் தெர்மாகோல் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது வீட்டைப் பணயம் வைப்பது. காயில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எரிகிறது என்று கொண்டால், ஃபேனையும் சேர்த்துச் சராசரி 25 வாட், அதாவது 2 ஆம்பியர். ஆறு மணி நேரத்துக்கு 12 ஏ.எச். போகும், பாதிக்குக் கீழே இறக்காமல் இருக்க 26 ஏ.எச். ஈய பேட்டரியும், பேட்டரிக்குத் தனி முனை உள்ள 13.8 வோல்ட் சார்ஜரும் வாங்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸை அதில் செருகிவிட்டு இந்தச் செலவையே தவிர்க்கலாம்.

மேலூர் மின்பணியாளர் எழுதியது:

திருமங்கலத்தார் சொன்ன ரிலே கணக்கை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்; பி1ஐக் குறைக்கச் சொன்னவன் நான்தான்.

பெருவிடை உசிலம்பட்டி எழுதியது:

எஸ்.எஸ்.ஆர். பொருத்திவிட்டேன், இரண்டாவது போர்டும் வந்துவிட்டது. இன்று ஏழாம் நாள், டார்ச் அடித்துப் பார்த்ததில் 60 முட்டைகளில் 52இல் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. தெளிவாக இருந்த எட்டை எடுத்துவிட்டேன். புதிய பேட்டரி வாங்கச் சித்திரை ஆகும், அதுவரை எஸ்.எம்.பி.எஸ். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுகிறது. 18ஆம் நாளிலிருந்து மூடியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைக்கப்போவதாக அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.