சிட்ரிக் அமிலக் கார்பன் டாட்ஸ்: டயாலிசிஸ் போட்டதும் ஒளிர்வு எங்கே போகிறது?

கேள்வி
கார்பன் டாட்ஸ் (ஒளிரும் நானோ அளவுக் கார்பன் துகள்கள்) செய்கிறேன்: சிட்ரிக் அமில மோனோஹைட்ரேட் 1.05 கிராம், எத்திலீன்டைஅமீன் 335 மைக்ரோலிட்டர், தண்ணீர் 10 மி.லி. டெஃப்ளான் ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலம்) 200 டிகிரி, 5 மணி நேரம். 365 நானோமீட்டர் விளக்கில் பளீர் நீலம். 1 கிலோடால்டன் பையில் (மூலக்கூறு எடை சுமார் 1000-க்குக் கீழ் உள்ளதை மட்டும் வெளியே விடும்) டயாலிசிஸ் போட்டு, தண்ணீரில் ஊறவைத்தால் நீலம் முழுக்க வெளித்தண்ணீரில், பைக்குள் மங்கிய பழுப்பு. பை கிழிசலா? தண்ணீரில் ஃபெர்ரிக் இரும்பை (Fe³⁺), அது ஒளிர்வைக் குறைப்பதை வைத்து அளக்கத்தான் செய்கிறேன். பழத்தோலுக்கு மாறினால் 'பசுமை' ஆகிவிடுமா?

பதில் 1
பை கிழியவில்லை. வெளியே வந்தது பெரும்பாலும் துகளே அல்ல, ஐ.பி.சி.ஏ. என்ற, தானே நீலமாக ஒளிரும் சிறு மூலக்கூறு. எடை 180 டால்டன்தான், 1 கிலோடால்டன் பை அதை எப்படித் தடுக்கும்? இந்த இரண்டு பொருளும் சேர்ந்தாலே அது உருவாகும். வெப்பம் குறைந்தால் அதன் பங்கு கூடும். 2013-இல் இந்தச் செய்முறைக்கு 80 விழுக்காடு குவாண்டம் யீல்டு (உறிஞ்சிய ஒளியில் ஒளிர்வாகத் திரும்பும் பங்கு) சொன்னார்கள். அந்த எண்ணைத் துரத்தாதீர்கள்.

வெளித்தண்ணீரை 24 மணி நேரமாவது மாற்றிக்கொண்டே இருங்கள், அதில் ஒளிர்வு அடங்கும்வரை. பிறகு பைக்குள் இருப்பதை மட்டும் அளவிடுங்கள். ஒப்பீட்டுக்கு 0.1 மோலார் கந்தக அமிலத்தில் குயினைன் சல்பேட் (குவாண்டம் யீல்டு 0.54), இரண்டின் உறிஞ்சலும் 0.1-க்குக் கீழே. 350 நானோமீட்டரில் தூண்டினால் 397 அருகே தெரியும் சின்ன முகடு தண்ணீரின் ராமன் சிதறல் (தண்ணீர் சிதறடித்து அலைநீளம் மாறிய தூண்டும் ஒளி). அதை டாட்ஸ் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பதில் 2
ஃபெர்ரிக் விஷயத்தில் உஷார். அந்த அயனியே 300–360 நானோமீட்டரில் உறிஞ்சுகிறது. தூண்டும் ஒளியைக் குடித்துவிட்டால் ஒளிர்வு குறையத்தான் செய்யும். அதை 'சென்சார்' என்பது சரியல்ல. தூண்டல், உமிழ்வு இரண்டு அலைநீளத்திலும் உறிஞ்சலை அளந்து, ஒளிர்வைத் திருத்திய பிறகும் தணிவு (ஒளிர்வு குறைதல்) மிஞ்சுகிறதா பாருங்கள். பாஸ்பேட் பஃபர் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) வேண்டாம், இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பி.எச். 7-இல் இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்படியும்.

பதில் 3
தோல் என்றாலே பசுமை என்பது பாதி விளம்பரம். சிட்ரிக் அமிலமே ஆலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் பூஞ்சை சர்க்கரையை நொதிக்கவைத்துக் கிடைப்பதுதான். பெட்ரோலிய வழி வருவது அமீன். அதற்குப் பதில் நொதித்தலில் கிடைக்கும் லைசினை முயலலாம். தோலில் ரகம், பழுத்த பருவம் மாறினால் ஒளிர்வும் மாறும், ஒரு பேட்ச் போல் இன்னொன்று வராது.

செலவு அடுப்பில்தான். 10 மி.லி.க்காக 5 மணி நேரம் ஓவனைச் சுடவைக்காமல், நான்கைந்து ஆட்டோகிளேவை ஒன்றாக வையுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், தானாக ஆறும்வரை திறக்காதீர்கள். அந்த நீலத் தண்ணீரையும் கொட்டவேண்டாம்: சுண்டவைத்து பாலிவினைல் ஆல்கஹாலில் கலந்தால், புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் மை.