கயோட்டி வால் பாதை: மஞ்சள் பூக்களைக் காண எந்த வாரம் செல்ல வேண்டும்?

கேள்வி (பீவர்ட்டன்வாசி):
வணக்கம். சென்ற ஆண்டு மார்ச் முதல் வாரத்தில், அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், வாஷிங்டன் மாநிலக் கரையில், பிங்கன் ஊருக்குக் கிழக்கே உள்ள கயோட்டி வால் பாதைக்குச் சென்றோம். (பெயரிலுள்ள 'வால்' சுவரைக் குறிக்கிறது, விலங்கின் வாலை அன்று.) நண்பர் அனுப்பிய படத்தில் மலைச்சரிவு முழுவதும் மஞ்சளாக இருந்தது, நேரில் கண்டதோ புல்லுக்கிடையே தலைகவிழ்ந்து நின்ற ஊதாப் பூக்கள் மட்டுமே. வீடு திரும்பிய இரண்டாம் நாள் கணுக்காலில் கொப்புளங்கள் எழுந்து இரண்டு வாரம் அரித்தன. தோலில் பட்டால் அரிப்பை உண்டாக்கும் பாய்சன் ஓக் செடி, இலைகூடத் துளிர்க்காத பருவத்தில் இப்படிச் செய்யுமா? இம்முறை, ஊரிலிருந்து வந்திருக்கும், முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் ஏழு வயது மகளும் உடன் வருகிறார்கள். எப்போது, எந்தப் பாதையில் செல்லலாம்?

மறுமொழி (ஹூட் ரிவர் நடையர்):
தாங்கள் கண்ட ஊதாப் பூ 'கிராஸ் விடோ'; பிப்ரவரி இறுதியிலேயே தலைகாட்டும் அதைக் காண்பதற்கென்றே வருவோர் உண்டு, ஆகவே பயணம் வீணாகிவிடவில்லை. மஞ்சள் நிறம் பால்சம்ரூட் செடியினுடையது. ஆற்று மட்டத்திலிருந்து ஏறும் கயோட்டி வால் சரிவுகளில் அது ஏப்ரல் நடுவில் உச்சத்தை எட்டும். சில நாள் கழித்து நீல லூபினும் சேர்ந்துகொள்ளும். அந்தப் படத்தில் ஆறு வெகு ஆழத்தில் தெரிந்ததா?

பீவர்ட்டன்வாசி:
ஆம், மிக ஆழத்தில் தெரிந்தது.

ஹூட் ரிவர் நடையர்:
அப்படியானால் அது பெரும்பாலும் டாக் மவுண்டனாகவே இருக்கும். ஏறத்தாழ 2,900 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியை ஒட்டிய சரிவில் அதே பூ மே நடுவில்தான் மலர்கிறது. ஏற்றம் மிகச் செங்குத்தானது. பூக்காலத்து வார இறுதிகளில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டும் பெற வேண்டும். முழங்கால் வலியோடு அங்கே செல்ல வேண்டாம்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், கயோட்டி வாலிலிருந்து சில நிமிடக் கார்ப் பயணத்தில் உள்ள கேத்தரின் கிரீக்குக்குச் செல்லுங்கள். பழைய நெடுஞ்சாலைக்குத் தெற்கே, சக்கர நாற்காலியும் செல்லத்தக்க தளமிட்ட பாதை பூவெளியினூடே சுற்றி வருகிறது. தங்கள் மாமியாருக்கு அது போதும். ஒருவர் அவருடன் இருக்க, மற்றவர் மகளை அழைத்துக்கொண்டு கயோட்டி வாலில் சிறிது தூரம் ஏறலாம். சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது வெடித்துத் தூண்களாகப் பிரிந்த பசால்ட் பாறைச் சுவரை அங்கே அருகில் பார்க்கலாம். ஆனால் பாதை அச்சுவரின் விளிம்பை ஒட்டியே ஏறுகிறது. ஆற்றுக்காற்று பலமாக வீசும். மிதிவண்டிக்காரர்களும் வேகமாக இறங்கி வருவார்கள். குழந்தையை விளிம்புக்கு எதிர்ப்புறம் நடக்கவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (தோட்டக்காரர்):
கொப்புளத்தைப் பற்றி: இலையில்லாத குச்சியிலும் பாய்சன் ஓக்கின் எண்ணெய் இருக்கிறது, மார்ச்சில் மூவிலை அடையாளம் தெரியாததால் அதை மிதித்துக்கொண்டே நடப்போம். இரண்டு நாள் கழித்து அரிப்பு எழுவதும் அதன் இயல்பே. நம் ஊர்ச் சேங்கொட்டையும் இதே குடும்பம்தான். அதன் பால் பட்டால் தோல் புண்ணாகும் என்பது தங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். முழுக்கால் சட்டை அணியுங்கள். இறங்கியதும் காலைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காலணிக் கயிற்றை மறந்துவிடாதீர்கள், ஏனெனில் அதில் ஒட்டிய எண்ணெய் பல வாரம் கழித்தும் கையில் ஏறும். வீடு சேர்ந்தபின், உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று குழந்தையின் முழங்கால் மடிப்பிலும் தலைமுடிக்குள்ளும் பாருங்கள்.

பீவர்ட்டன்வாசி:
மிக்க நன்றி. அந்தக் காலணிகளைக் கழுவாமலேயே பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்றே எடுத்து, கையுறை அணிந்து கழுவுகிறேன். ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் கேத்தரின் கிரீக்கை அடையத் திட்டமிட்டுள்ளோம்.

ஹூட் ரிவர் நடையர்:
இயன்றால் வெள்ளிக்கிழமையே செல்லுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் கார் நிறுத்த இடமிருக்காது.